சபராளிகளின் சடுகுடு

சபர் புறப்படும் மனிதன் தன் பெட்டியில் எதை எதையோ அடைத்துச் செல்கிறான். உம்மா இடித்துக் கொடுத்த மசாலாத் தூள், ஊறுகாய்ப் புட்டி, இரண்டு கைலிகள், தலைமாட்டில் வைத்துக்கொள்ள ஒரு யாஸீன் கிதாபு. விமான நிலையத்துத் தராசில் இவை எல்லாம் எடைக்கு வருகின்றன. எடைக்கு வராமல் உடன் செல்வது ஒன்றுண்டு. சிறுவயதில் ஊர்த் திடலில் அவன் ஆடிய ஆட்டமே அது. கைகால்களுக்குள் ஒளிந்திருந்து, கடல் கடந்து, ஒரு நாள் அந்நிய மணலில் அது தானே எழுந்து நிற்கிறது. அதை நாம் கண்ணாரக் கண்டோம். கண்டதோடு நில்லாமல், அதனால் ஒரு பெரும் மனவேதனைக்கும் ஆளானோம்.

1998ஆம் ஆண்டின் இறுதியில் நாம் ஷார்ஜா சென்றோம். ஓதி முடித்து ஸனது பெற்று, ஊர் மக்தபில் ஆறாண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பின்னர், குடும்பத் தேவை நம்மையும் கடல் கடக்கச் செய்தது. அரபி வாசிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியால் ஒரு கட்டிட நிறுவனத்தில் டைம்கீப்பர் வேலை வாய்த்தது. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குச் சென்றார், யாருக்கு ஓவர்டைம் என்று பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிடுவதே நம் பணி. தங்குமிடம் நகருக்கு வெளியே, பாலைவனத்தை ஒட்டிய ஒரு கேம்ப். ஓர் அறைக்குப் பத்துப் பேர், இரண்டடுக்குக் கட்டில்கள். அங்கிருந்த சிறிய தொழுகை அறையில் இமாமத் செய்யும் பொறுப்பும் நம் தோளில் விழுந்தது.

அக்காலத்தில் அங்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை மட்டுமே. ஜும்ஆ தொழுது வந்து, துணி துவைத்து, ஊருக்குக் கடிதம் எழுதி, சிறிது உறங்கி எழுந்தால் அஸர் வந்துவிடும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலுள்ள பொழுது இருக்கிறதே, அதுதான் சபராளியின் எதிரி. ஆறு நாள்களும் உடம்பு களைத்திருந்ததால் வாய் திறக்காத மனம், ஏழாம் நாள் அந்த நேரம் பார்த்து வாய் திறக்கும். குமர்களின் முகங்கள், வட்டிக் கடன், வாப்பாவின் இருமல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். சிலர் அந்நேரத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வர். உறக்கத்திற்காக அல்ல என்பது அறையிலுள்ள மற்ற ஒன்பது பேருக்கும் தெரியும், எவரும் கேளார்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளி மாலையில்தான் நம் இராமநாதபுரம் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் கேம்புக்குப் பின்னாலிருந்த மணல்வெளியில் கைலியை இறுக்கிக் கட்டி, குதிகாலால் நடுக்கோடு கிழித்துச் சடுகுடு ஆடத் தொடங்கினர். சற்று நேரத்தில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் வந்து நின்றனர். “இது எங்கள் ஹாடுடு அல்லவா!” என்றனர். அவர்கள் நாட்டின் தேசிய விளையாட்டே கபடிதான். அடுத்து பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்த நெடிய உருவங்கள் வந்தன. வட்டக் களத்தில் ஆடிப் பழகியவர்கள் அவர்கள். நாம் எட்டு வயதில் நம் தெருவுக்கு மட்டுமே சொந்தமென்று எண்ணியிருந்த ஆட்டத்துக்கு இத்தனை உரிமையாளர்களா என்று வியந்தோம்.

வியப்பு நீடிக்கவில்லை. மூன்றாவது வாரமே சண்டை மூண்டது. ஒருவர் ஊரில் தொட்டால் போதும். இன்னொருவர் ஊரில் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டித் திரும்பவும் வேண்டும். ஒருவருக்குச் சதுரக் களம், மற்றவருக்கு வட்டம். கைகலப்பு நேரும் நிலையில், நம் ஊர்த் தம்பி ஒருவன் அறைக்கு ஓடி வந்தான்.

“ஹஜ்ரத், நீங்க வந்து நடுவுல நின்னாச் சண்டை வராது. உங்க பேச்சை எல்லாரும் கேப்பாங்க” என்றான்.

அவன் அழைத்ததும் நாம் கூசிப்போனோம். காரணம் உண்டு. மக்தபில் நம்மிடம் ஓதியவன் அவன். சடுகுடு ஆடிவிட்டு மஃரிபுக்குப் பிந்தி வந்தான் என்பதற்காக, ஒருநாள் அவன் வலது உள்ளங்கையில் நான்கு பிரம்படி கொடுத்திருக்கிறோம். ஓதும் பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு என்பது அந்நாளில் நம் கொள்கை. நம் உஸ்தாதுகள் நம்மை அப்படி வளர்த்தனர். நாமும் அப்படியே வளர்க்க முயன்றோம். அடிபட்டவன் அதை மறந்து நம்மையே நடுவராக அழைக்கிறான். அடித்த நமக்கோ அது மறக்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வராமல், ஓதிய கிதாபுகளை நினைவில் புரட்டினோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் பாடமாக ஓதியிருக்கிறோம். பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதிலேயே ஈட்டி விளையாட்டு ஆடியதையும் ஓதியிருக்கிறோம். புகாரியில் வரும் இன்னொரு செய்தி அன்றைக்கு நமக்காகவே காத்திருந்ததுபோல் தோன்றியது. அஸ்லம் குலத்தார் இரு பிரிவாக அம்பெய்து கொண்டிருந்தபோது, தாம் இன்ன பிரிவாருடன் இருப்பதாக அண்ணலார் கூறினார்களாம். உடனே எதிர்ப் பிரிவினர் வில்லைத் தாழ்த்தி நின்றுவிட்டனர். நபிகளார் சேர்ந்துவிட்ட அணிக்கு எதிராக எவ்வாறு எய்வது என்று அவர்கள் கேட்க, தாம் அனைவருடனும் இருப்பதாகச் சொல்லித் தொடரச் செய்தார்கள். நடுவருக்குரிய இலக்கணம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. இதையெல்லாம் ஓதியிருந்தும் அந்தப் பிரம்பை எவ்வாறு எடுத்தோம்? ஓதியது நாவோடு நின்றிருக்கிறது.

அடுத்த வெள்ளி, நாம் களத்தின் நடுவில் நின்றோம். மூன்று நிபந்தனைகள் விதித்தோம். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைந்திருக்க வேண்டும். மஃரிப் பாங்கு கேட்டதும் ஆட்டம் நிற்க வேண்டும். பந்தயம் கூடாது. மூன்றாவது நிபந்தனைக்கு எதிர்ப்பு எழுந்தது. தோற்ற அணி வென்ற அணிக்குக் குளிர்பானம் வாங்கித் தருவது என்று பேசி வைத்திருந்தனர். இரு தரப்பும் பொருள் வைத்து ஒரு தரப்பு எடுத்துக்கொள்வது சூதாகிவிடும் என்று விளக்கினோம். கேம்பின் மலையாளச் சமையற்காரர், “இரு கூட்டத்துக்கும் சுலைமானி என் பொறுப்பு” என்றார். பிரச்சினை தீர்ந்தது.

களம் சதுரம் என்று முடிவாயிற்று. ஆடவருக்கான முறைப்படி 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அணிக்கு ஏழு பேர். ஆனால் எந்தச் சொல்லைப் பாடுவது? நம்மவர் ‘சடுகுடு’ என்றனர். வங்காளிகள் ‘ஹாடுடு’ என்றனர். பஞ்சாபியர் ‘கபடி’ என்றனர். அவரவர் சொல்லை அவரவர் பாடலாம், மூச்சு மட்டும் அறுபடக் கூடாது என்று தீர்ப்புரைத்தோம். அதற்குப் பின் அந்த மணல்வெளியில் மூன்று மொழிகள் மாறி மாறி ஒலித்தன. அழைப்பும் அப்படியே. நம்மவருக்கு நாம் ஹஜ்ரத், பஞ்சாபியருக்கு மௌலவி சாப், வங்காளிகளுக்கு ஹுஜூர்.

நடுவர் பணிக்கு நமக்கு ஒரு தகுதி இருந்ததை அப்போதுதான் கண்டுகொண்டோம். அது நம் காது. தஜ்வீத் கற்பவன் மூச்சின் கணக்கையும் கற்கிறான். மூச்சை விட்டு நிறுத்துவது வக்ஃப்; மூச்சை விடாமலே ஒலியைக் கணநேரம் நிறுத்துவது ஸக்த். ஹஃப்ஸ் வழியில் ஓதுவோர் திருமறையில் நான்கு இடங்களில் அவ்வாறு ஸக்த் செய்கின்றனர். ஆயத்தின் நடுவே திருட்டு மூச்சு வாங்கும் பிள்ளைகளை ஆறாண்டுகள் கேட்டுப் பழகிய காது, கோட்டைத் தாண்டிப் பாடிச் சென்றவன் எங்கே மூச்சைத் திருடினான் என்பதையும் எளிதில் கண்டுபிடித்தது. ஒருமுறை வங்காளத் தம்பி ஒருவன் எச்சில் விழுங்கியதில் ஒலி சற்றே நின்றது. பாட்டு அறுந்தது என்று எதிரணி கூச்சலிட்டது. எங்கள் களத்தின் அளவுகோல் மூச்சு ஒன்றே என்பதால், “இது வக்ஃப் அல்ல, ஸக்த். ஆட்டம் தொடரட்டும்” என்றோம். பொருள் புரியாதவர்களும் சிரித்துவிட்டனர். அன்றுமுதல் எவன் பிடிபட்டாலும், ‘ஸக்த், ஸக்த்’ என்று கத்துவது களத்தின் வேடிக்கையாயிற்று.

அந்த ஆட்டத்தைப் பார்த்து நிற்கும்போது நமக்குள் ஓர் எண்ணம் ஓடும். தன் கோட்டை விட்டுப் புறப்பட வேண்டும். பிறர் எல்லைக்குள் தனியே நுழைய வேண்டும். தொடவேண்டியதைத் தொட வேண்டும். மூச்சு அறுமுன் திரும்ப வேண்டும். சபர் என்பதும் இதுதானே? கோட்டுக்கு அப்பால் பிடிபட்டுக் கிடந்து, ஒரு விரல் நுனியாவது நடுக்கோட்டைத் தொட்டுவிடாதா என்று மணலில் கை நீட்டும் இளைஞனைக் காணும்போது, பலமுறை நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

ஆட்டம் தொடங்குமுன் களம் முழுவதும் வெறுங்காலோடு நடந்து பார்ப்பது நம் வழக்கம். கட்டிட வேலைக்காரர்கள் வாழும் இடமல்லவா? ஆணி, கம்பித் துண்டு, இறுகிய சிமெண்டுக் கட்டி எதுவும் மணலில் புதைந்து கிடக்கும். 1999ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு வெள்ளியன்று அப்படி நடந்து பார்க்கத் தவறினோம். யாருக்கோ கடிதம் எழுதிக் கொடுத்து, நேரம் பிந்தி, நேரே களத்துக்குச் சென்று ஆட்டத்தைத் தொடங்கிவிட்டோம். காற்று கொண்டுவந்து மூடிய மணலுக்கடியில் ஒரு கான்கிரீட் துண்டு இருந்தது. நம் மாணவன் பாடிச் சென்று, இரண்டு பேர் பிடியிலிருந்து நழுவி, நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்து விழுந்தான். கை ஊன்றிய இடம் அதுவாயிற்று. வலது மணிக்கட்டு முறிந்தது. நாம் பிரம்பால் அடித்த அதே கை.

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டனர். ஆறு வாரத்திற்கு மேல் வேலைக்குச் செல்லலாகாது என்றனர். இரவு கேம்புக்குத் திரும்பியபோது அறைக்குள் எங்கும் மௌனம். அவன் தங்கையின் நிகாஹ் ஷவ்வாலில் என்று குறித்திருந்தது. அந்தக் குமரைக் கரை சேர்க்கத்தான் அவன் சபர் வந்ததே. மாதம் 600 திர்ஹம் சம்பளம். அதில் 500 ஊருக்குப் போகும்.

நள்ளிரவில் நான்கைந்து பேர் நம் கட்டிலருகே வந்தனர். அவர்களுள் போர்மேனும் இருந்தார். நல்ல மனிதர். “நாளைக் காலையில் இவனை வேலைக்கு வந்ததாகக் குறித்துவிடுங்கள். ஏழு மணிக்குச் சாரத்திலிருந்து விழுந்தான் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். வேலையில் பட்ட காயமென்றால் முழுச் சம்பளமும் வரும். உங்கள் கையொப்பம் ஒன்றுதான் வேண்டும்” என்றார்.

அவன் எதிரே அமர்ந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. நம் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாம் மறுத்துவிட்டோம்.

பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று என்று இமாமத் செய்யும் இடத்தில் நின்று பலமுறை சொல்லியிருக்கிறோம். அதையே அன்றும் சொன்னோம். ஆனால் இக்கட்டுரையில் ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. மருத்துவமனைச் சீட்டில் வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தது. பொய் வெளிப்பட்டால் நம் வேலை போகும், விசா போகும், நம் பிள்ளைகளின் சோறும் போகும் என்ற அச்சமும் அந்நேரம் நெஞ்சில் இருந்தது. அந்த மறுப்பில் தக்வா எத்தனை பங்கு, பயம் எத்தனை பங்கு என்று கால் நூற்றாண்டு கடந்தும் நம்மால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. வல்ல நாயன் ஒருவனே அறிந்தவன்.

வேலை நேரத்தில் பட்ட காயமில்லை, ஆகவே சம்பளமில்லை என்று நிறுவனம் கூறிவிட்டது. ஒன்றரை மாதத்துக்கு 900 திர்ஹம் இழப்பு. அவன் நம்மிடம் பேசுவதை விட்டுவிட்டான். ஐவேளையும் நமக்குப் பின்னால் வந்து தொழுவான். ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடுவான். நடுவரும் வரவில்லை, ஆட்டக்காரரும் வரவில்லை. வெள்ளி மாலைகள் மீண்டும் போர்வைக்குள் சென்றன.

அவன் உம்மாவிடம் என்ன சொல்வது? தொலைபேசியில் நாமே பேசினோம். “பையனுக்குச் சுகமா ஆலிம்சா? கடுதாசி வரலியே?” என்றார். “அல்ஹம்து லில்லாஹ், நன்றாக இருக்கிறான். இப்போது கைக்கு ஓய்வு” என்றோம். வேலை குறைவு என்று அவர் விளங்கிக்கொண்டார்; அப்படி விளங்கட்டும் என்றுதான் சொன்னோம். இரு பொருள்படப் பேசுவதற்கு அரபியில் தவ்ரியா என்று பெயர். பதிவேட்டில் பொய் எழுத மறுத்த நாம், ஒரு தாயிடம் இலக்கணத்தின் துணையோடு உண்மையை மறைத்தோம். பின் அவன் சார்பில் கடிதமும் எழுதினோம். அடுத்த தபாலில் பதில் வந்தது. கடிதத்தில் இருப்பது ஆலிம்சாவின் கையெழுத்து, மகன் கைக்கு என்ன ஆயிற்று என்று நேராகவே கேட்டிருந்தார். மக்தபில் நாம் எழுதிக் கொடுத்த பாடங்களை அவன் வீட்டில் பார்த்துப் பழகியவர் அல்லவா? தாய்மாரிடம் தவ்ரியா செல்லாது. முழு உண்மையையும், நம் பிழையையும் சேர்த்து எழுதி அனுப்பினோம்.

ஆட்டக்காரர்கள் ஆளுக்கு இருபது, பத்து என்று போட்டனர். வங்காளிகளும் பஞ்சாபியரும் தந்தனர். நம் பங்கையும் சேர்த்து 400 திர்ஹம் திரண்டது. அதை அவன் கையில் கொடுக்கும் துணிவு நமக்கு வரவில்லை, சமையற்காரரிடம் கொடுத்தனுப்பினோம். நிகாஹ் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் என்று தள்ளிப்போயிற்று, தடையின்றி நடந்தது.

கட்டு அவிழ்த்த மறு வெள்ளி, அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தோம். மணல்வெளியில் அவன் ஒருவனாக வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, காலால் மணலைக் கிளறிக் கிளறி நடந்தான். இரண்டு கம்பித் துண்டுகளை எடுத்து வெளியே எறிந்தான். பிறகு நம்மைப் பார்த்து, “களம் சுத்தமா இருக்கு ஹஜ்ரத். ஆரம்பிச்சு வைங்க” என்றான். ஒன்றரை மாதத்துக்குப் பின் அவன் நம்மிடம் பேசிய முதல் வார்த்தை அதுவே.

இதில் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சபராளிகளின் குடும்பத்தார் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். சில ஆண்டுகள் கழித்து, அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் அரபி மூலம் தற்செயலாக நம் கைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம். தகுதிகாண் காலம் முடிந்து மூன்று மாதங்களுக்கு மேல் பணியாற்றியவன் நோயுற்றால், முதல் 15 நாள்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 30 நாள்களுக்கு அரைச் சம்பளம் என்று அதில் தெளிவாக இருந்தது. அவன் அப்போது இரண்டாம் ஆண்டுப் பணியில் இருந்தவன். காயம் வேலையில் பட்டதென்று காட்ட வேண்டிய அவசியமே இல்லை. மருத்துவச் சீட்டை முறையாகக் கொடுத்திருந்தால், இழந்த 900இல் 600 திர்ஹம் உரிமையாகவே வந்திருக்கும். பொய்யும் தேவைப்பட்டிராது, உண்டியல் வசூலும் தேவைப்பட்டிராது. நஹ்வும் ஸர்ஃபும் கற்ற நாம், பெரும் பெரும் கிதாபுகளுக்கு உரை தேடிய நாம், நம் சகோதரர்களின் சோற்றோடு தொடர்புடைய சட்டத்தை, நமக்குத் தெரிந்த மொழியிலேயே இருந்த சட்டத்தை, ஒருமுறை புரட்டிப் பார்க்கவில்லை. களத்தைப் பார்க்கத் தவறியது ஒரு நாள் பிழை. இது பல ஆண்டுப் பிழை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தகுதிகாண் காலம் கடந்தவர்களுக்கு இந்த 15, 30 நாள் கணக்கு நீடிக்கிறது. நோயுற்ற செய்தியை மூன்று வேலை நாள்களுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அமீரகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், ஊறுகாய்ப் புட்டியோடு இச்செய்தியையும் கட்டி அனுப்புவார்களாக.

நாம் 2006இல் ஊர் திரும்பினோம். நம் ஆட்டமோ நெடுந்தூரம் சென்றுவிட்டது. 1990இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சேர்க்கப்பட்டது முதல் 2014 வரை ஆடவர் கபடியில் தங்கம் இந்தியாவுக்கே வந்தது. 2018இல் ஈரான் நாட்டார் அரையிறுதியில் நம்மை வீழ்த்தித் தங்கத்தையும் கொண்டு சென்றனர்; 2023இல் நடந்த போட்டியில் நம்மவர் அதை மீட்டனர். விரிப்பு விரித்த அரங்குகளில், விளக்கொளியில் ஆடப்படும் அந்த ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காணும்போதெல்லாம், மணலும் வேர்வையும் சுலைமானியும் மணக்கும் அந்த மாலைகளே நம் கண்முன் வருகின்றன.

இப்போது நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் அஸருக்குப் பின் அரைமணி நேரம் பிள்ளைகள் சடுகுடு ஆடுகின்றனர். ஆடுமுன் முற்றம் முழுவதும் நாம் வெறுங்காலோடு நடந்து பார்க்கிறோம். ஐம்பது கடந்த ஹஜ்ரத் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணைக் கிளறி நடப்பது பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. பிரம்பு நம்மிடம் இல்லை.

அந்தத் தம்பியும் சபரை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். ஒவ்வொரு ஜும்ஆவிலும் தொழுகை முடிந்ததும் வந்து முஸாபஹா செய்கிறான். அவன் வலக்கையை நம் இரு கைகளுக்குள் வாங்கும்போது, சரியாகக் கூடாமல் சற்றே புடைத்து நிற்கும் அந்த எலும்பு நம் விரலில் தட்டுகிறது. அவன் கையை விடும் வரை நாமும் விடுவதில்லை.